பிசிக்ஸ் படித்தால் என்ன வேலை?

ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் இந்தக் கோடை விடுமுறையில் முதல் முறையாக கம்ப்யூட்டர் வாங்கினார்கள். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., பழைய போட்டோக்களையும் கல்யாண வீடியோக்களையும் போட்டு வைக்க 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்பதால், ஊருக்குப் போனதும் அதை செட் அப் செய்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. அது எதிர்பார்த்ததுதான். விண்டோஸ் அப்டேட் ஓடிக் கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பா இன்னொரு வேலையும் கொடுத்தார். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இன்ஜினியரிங் வேண்டாம், பிசிக்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். அவள் மனதை நான் மாற்ற வேண்டும்.

"நீ சொன்னா கேப்பா, தம்பி. பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கெடைக்கும்? நீயே சொல்லு."

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் பிளஸ் டூ காலத்தில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கட் ஆப் வந்தது, கவுன்சலிங் போனேன், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது, அவ்வளவுதான். எனவே பொதுவாக அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, ஓர் இயற்பியலாளர் தன் வாழ்நாளில் என்ன வேலை செய்தார் என்று சொன்னேன். அவர் பெயர் கணபதி பாஸ்கரன். தமிழர். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். அவருடைய துறை காந்தத் தன்மையும் சூப்பர் கண்டக்டிவிட்டியும். அன்று வீட்டில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். புதிய கம்ப்யூட்டரே பாதி உதாரணங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டில் இருக்கும் காந்தம்

முதலில் ஹார்ட் டிஸ்க். இதன் உள்ளே வட்டமான தகடு ஒன்று சுழன்று கொண்டிருக்கும். தகட்டின் மேல் கோபால்ட் கலந்த மெல்லிய காந்தப் பூச்சு இருக்கும். நீங்கள் ஒரு போட்டோவை சேவ் செய்திடும்போது, அந்தப் பூச்சில் உள்ள மிகச் சிறிய பகுதிகளின் காந்தத் திசை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பப்படுகிறது. ஒரு திசையில் இருந்து மறு திசைக்கு எங்கே மாறுகிறது என்பதை வைத்து 0, 1 என்ற பிட்கள் படிக்கப்படுகின்றன. கரண்ட் போனாலும் காந்தத் திசை மாறாது. அதனால்தான் கம்ப்யூட்டரை ஆப் செய்தாலும் போட்டோ அழிவதில்லை. (எஸ்.எஸ்.டி.யில் காந்தம் கிடையாது. அது மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் சிப். இரண்டையும் ஒன்று என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.)

1956இல் ஐ.பி.எம். கொண்டு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தகடுகள் இருந்தன. அத்தனை தகடுகளிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் சேமிக்க முடிந்தது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே சரியாகப் போய்விடும். அங்கிருந்து டெராபைட் வரை வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நேராக இயற்பியல் ஆய்வகத்தில் இருந்து வந்தது. 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு விளைவைக் கண்டறிந்தார்கள். மிக மெல்லிய காந்த அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், பக்கத்தில் உள்ள சிறிய காந்தப் புலம்கூட அவற்றின் மின்தடையைப் பெரிதாக மாற்றிவிடுகிறது. ஒன்பதே ஆண்டுகளில், 1997இல், ஐ.பி.எம். ஹார்ட் டிஸ்க்குகளின் படிக்கும் ஹெட்டில் இது வந்துவிட்டது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காந்த ஆய்வு என்பது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் செய்த வேலையும் அல்ல. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ராமனுடன் வேலை செய்தவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் 1930களில் படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று அளந்தார். அதை வைத்தே உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று சொன்னார். ராமன் விளைவைத் தாண்டி அவரைப் பற்றி நம் புத்தகங்கள் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஒரு குறை.

காந்தத்துக்கு ஆகாத பொருள்

இனி சூப்பர் கண்டக்டர். பள்ளிப் புத்தகத்தில் மீக்கடத்தி என்று வரும். சாதாரண செம்புக் கம்பியில் கரண்ட் போனால் கம்பி சூடாகும். கம்பியின் மின்தடையால் ஒரு பகுதி மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. உங்கள் சி.பி.யு.வில் ஃபேன் சுற்றுவதும் இந்த வகை வெப்பத்தை வெளியேற்றத்தான். 1911இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர வைத்தபோது, அதன் மின்தடை திடீரென்று மறைந்து போனது. குறைந்து போனது என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். மறைந்தே போனது. அத்தகைய வளையத்தில் ஒரு முறை கரண்டைச் சுற்றவிட்டால் பேட்டரி இல்லாமலே சுற்றிக் கொண்டிருக்கும்.

இதை நம்மூர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், தெரியாமலே. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய், அந்தக் குகை போன்ற மெஷினுக்குள் படுத்திருப்பீர்கள். அதன் பெரிய காந்தம் பெரும்பாலும் நியோபியம் டைட்டானியம் கம்பியால் சுற்றப்பட்ட சூப்பர் கண்டக்டர் சுருள். திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்கும். கரண்ட் ஓடிக் கொண்டே இருக்கும்.

அப்படியானால் காந்தமும் சூப்பர் கண்டக்டரும் நண்பர்களா? இல்லை. 1933இல் மைஸ்னர், ஆக்சன்ஃபெல்ட் என்ற இரு ஜெர்மானியர்கள், சூப்பர் கண்டக்டர் தன் உள்ளே இருக்கும் காந்தப் புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்று காட்டினார்கள். காந்தம் அதன் மேல் மிதக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். புலம் ஓர் அளவுக்கு மேல் பலமாக இருந்தால் சூப்பர் கண்டக்டர் தோற்றுச் சாதாரண உலோகமாகிவிடும். 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் இதற்கான விளக்கத்தைத் தந்தார்கள். எலக்ட்ரான்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்கின்றன. ஜோடி சேர்த்து வைப்பது உலோகத்தின் அணுக்களின் அதிர்வு. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடியில் ஒன்று மேலே பார்த்தால் மற்றொன்று கீழே பார்க்கும். வெளியே இருந்து காந்தம் வந்தால் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடி உடையும். லாந்தனம் என்ற உலோகத்தில் கடோலினியம் என்ற காந்த அணுக்களைச் சிறிதளவு கலந்தாலே அதன் சூப்பர் கண்டக்டிவிட்டி போய்விடும். எனவே, நல்ல சூப்பர் கண்டக்டர் தேட வேண்டுமானால் காந்தப் பொருள்கள் பக்கமே போகாதே என்பது அந்தக் காலத்துப் பாடம்.

அந்தப் பாடம் 1986இல் பொய்த்தது.

1987

சூரிச் நகருக்கு அருகில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த ஒரு பீங்கான் போன்ற பொருளைக் குளிர வைத்துப் பார்த்தார்கள். முப்பது கெல்வினுக்கு மேலேயே மின்தடை சரியத் தொடங்கியது. அதற்கு முன் எந்தப் பொருளும் 24 கெல்வினைத் தாண்டியதில்லை. அடுத்த சில மாதங்களில், 1987இல், அமெரிக்காவில் பால் சூ மற்றும் அவருடன் இருந்தவர்கள் 93 கெல்வின் வரை போய்விட்டார்கள். அதாவது மைனஸ் 180 டிகிரி.

மைனஸ் 180 டிகிரி என்றால் குளிர்தானே, அதில் என்ன பெருமை என்று சித்தப்பா கேட்டார். நீங்களும் கேட்கலாம். கால்நடை மருத்துவமனையில் சினை ஊசி வைத்திருக்கும் கேனைத் திறந்தால் புகை வருமே, அந்தத் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. விலை உயர்ந்த திரவ ஹீலியம் தேவையில்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் சரக்கு போதும் என்ற நிலை வந்தது. அதுதான் பெருமை. சித்தப்பா இரண்டு மாடு வைத்திருப்பவர், உடனே புரிந்து கொண்டார்.

ஆனால் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி. இந்தப் பொருளின் தாய்ப் பொருளான லாந்தனம் செம்பு ஆக்சைடு உலோகமே அல்ல. மின்சாரம் கடத்தாத பொருள். அதோடு காந்தத் தன்மையும் உள்ளது. எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று பழைய பாடம் சொன்னதோ, எல்லாம் இதில் இருந்தது.

இந்த இடத்தில்தான் பாஸ்கரன் வருகிறார். 1975இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் டாக்டர் பட்டம் முடித்தவர். இத்தாலியின் ட்ரியஸ்டே நகரில் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேச இயற்பியல் மையத்தின் பரிசை 1983இல் பெற்றவர். 1980களின் நடுவில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே பிலிப் ஆண்டர்சன் இருந்தார். காந்தப் பொருள்களைப் பற்றிய ஆய்வுக்காக 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர்.

1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த ஒரு சர்வதேசக் கருத்தரங்கில் ஆண்டர்சன் ஒரு யோசனையை முன்வைத்தார். காந்தத் தன்மை சூப்பர் கண்டக்டருக்கு எதிரி அல்ல. இந்தப் பொருளில் எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பதே அதுதான் என்பது அந்த யோசனை. அதே ஆண்டு பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் மூவரும் சேர்ந்து அதற்குக் கணித வடிவம் கொடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1988இல் பாஸ்கரனும் ஆண்டர்சனும் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் தேடிப் படிக்கும் கட்டுரைகள் இவை. டாக்டர் பட்டம் வாங்கிய 1975க்கும் இதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இதையும் சித்தப்பாவிடம் மறைக்கவில்லை.

கோலாட்டம்

அந்த யோசனை என்ன? பள்ளி ஆண்டு விழாவை நினைத்துக் கொள்ளுங்கள். மைதானத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் என்று மாணவிகள் நிற்கிறார்கள். ஒரே கட்டத்தில் இருவர் நிற்கக் கூடாது என்பது விதி. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் யாராலும் நகர முடியாது. லாந்தனம் செம்பு ஆக்சைடில் எலக்ட்ரான்கள் இப்படித்தான் நிற்கின்றன. ஒன்றை ஒன்று விலக்குவதால் ஒரே அணுவில் இரண்டு சேர்ந்து நிற்க விரும்புவதில்லை. நகர்வு இல்லை, எனவே மின்சாரமும் இல்லை.

நகர முடியாது என்றாலும் சும்மா நிற்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவருடன் கோலாட்டம் ஆடலாம். ஒருவர் குச்சி மேலே, மற்றவர் குச்சி கீழே. அடுத்த அடிக்கு இடது பக்கத்தில் இருப்பவருடன் ஜோடி. அதற்கடுத்து பின்னால் இருப்பவருடன். யாரும் கட்டத்தைவிட்டு நகரவில்லை. ஜோடி மட்டும் மாறிக் கொண்டே இருக்கிறது. பிளஸ் டூ வேதியியலில் பென்சீன் வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இடம் மாறிக் கொண்டிருப்பதாகப் படம் போடுவார்களே, லைனஸ் பாலிங் அதற்குச் சொன்ன உடனிசைவு விளக்கத்தையே ஆண்டர்சன் காந்தப் பொருளுக்குக் கொண்டு வந்தார். அதுவும் 1987இல் அல்ல, 1973இலேயே. பதினான்கு ஆண்டுகள் அந்தக் கட்டுரை பெரிய பயன் இல்லாமல் கிடந்தது.

இப்போது மைதானத்தில் இருந்து சில மாணவிகளை வெளியே அழைத்துவிடுங்கள். காலிக் கட்டங்கள் உண்டாகும். ஏற்கெனவே ஜோடியாக ஆடிக் கொண்டிருந்தவர்கள் அந்தக் காலி இடங்கள் வழியே மைதானம் முழுக்க நகரலாம். லாந்தனத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் பேரியம் சேர்ப்பது இந்த வேலையைத்தான் செய்கிறது. எலக்ட்ரான்கள் சில வெளியேறுகின்றன, ஜோடிகள் ஓடத் தொடங்குகின்றன, மின்தடை மறைகிறது. ஜோடிகள் முன்பே தயாராக இருந்தன. வழிதான் இல்லாமல் இருந்தது.

தங்கை இதைக் கேட்டதும், "அப்ப எல்லாரையும் வெளிய அனுப்பிட்டா?" என்றாள். நல்ல கேள்வி. ஆளே இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை. செம்பு ஆக்சைடுகளில் குறிப்பிட்ட அளவு வரை காலியிடம் கூடக் கூட சூப்பர் கண்டக்டிவிட்டி வளர்கிறது, அதன் பிறகு குறைந்து மறைகிறது. இது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம்.

உங்கள் ராம் போதாது

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கேதான் புதிய கம்ப்யூட்டரை ஆன் செய்தோம். நீங்களும் செய்து பாருங்கள். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, ஒரு செல்லில் சமக்குறி போட்டு 2^10 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1,024 வரும்.

ஒரு குட்டிக் காந்தம் மேலே அல்லது கீழே என இரண்டு நிலைகளில் இருக்கலாம். பத்துக் காந்தங்கள் இருந்தால் 1,024 விதமாக நிற்கலாம். குவாண்டம் இயற்பியலில் ஒரு சிக்கல் என்னவென்றால், ஏதோ ஒரு விதத்தை மட்டும் குறித்து வைத்தால் போதாது. எல்லா விதங்களுக்கும் தனித்தனியே ஓர் எண் வைத்திருக்க வேண்டும். 20 காந்தங்களுக்கு 10,48,576 எண்கள். பரவாயில்லை. 30 காந்தங்களுக்கு 107 கோடிக்கும் மேல். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்று வைத்தால் 8 ஜிபி. சித்தப்பா வீட்டு ராம் முழுவதும் காலி. விண்டோஸுக்கே இடம் இல்லை. 40 காந்தங்கள் என்றால் 8 டெராபைட். அந்த 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் போல எட்டு வேண்டும். ஒரு சிட்டிகை பொருளில் உள்ள எலக்ட்ரான்களோ கோடி கோடிக்கும் மேல்.

கணக்கைச் சுருக்கும் குறுக்கு வழிகள் உண்டு. அவற்றை வைத்துப் பெரிய கம்ப்யூட்டர்களில் இன்றும் வேலை நடக்கிறது. ஆனால் வெறும் வேகத்தால் இந்தக் கணக்கை வெல்ல முடியாது. எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பாஸ்கரன் போன்ற கோட்பாட்டு இயற்பியலாளரின் வேலை இதுதான். ஆய்வகம் என்றால் தாள், பேனா, கரும்பலகை, பேச ஆள். நான் தினமும் எட்டு மணி நேரம் கோடு எழுதுகிறேன். பெரும்பாலும் யாரோ முடிவு செய்துவிட்டதை எழுதுகிறேன். இந்த வேலையில் எதை எழுதுவது என்று கண்டுபிடிப்பதே வேலை.

சரியா, தவறா?

1990இல் பாஸ்கரனுக்கு இந்திய அரசின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. அப்படியென்றால் அந்தக் கோட்பாடு சரி என்று ஆகிவிட்டதா? இல்லை. இதைத்தான் தங்கை தெரிந்து கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் கட்டுரையில் எலக்ட்ரான் ஜோடிக்குச் சொல்லப்பட்ட வடிவம் ஒன்று. 1993, 94 வாக்கில் நடந்த சோதனைகள் காட்டிய வடிவம் வேறு. ஆனால் அந்த வேறு வடிவத்தையும் இதே கோலாட்ட யோசனையில் இருந்து 1988இலேயே வேறு சிலர் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். ஆக, கட்டுரை முழுதாகத் தப்பவும் இல்லை, முழுதாகத் தோற்கவும் இல்லை. செம்பு ஆக்சைடுகள் ஏன் சூப்பர் கண்டக்டர் ஆகின்றன என்பதற்கு எல்லோரும் ஒப்புக் கொண்ட விளக்கம் இன்றும் கிடையாது. காந்தத் தன்மைக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். எப்படி என்பதில்தான் சண்டை. ஆண்டர்சன் 2020இல் காலமானார். தீர்ப்பைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. 1994இல் ஜப்பானில் மேனோ குழுவினர் ஸ்ட்ரோன்ஷியம் ருத்தினியம் ஆக்சைடில், சுமார் ஒரு கெல்வினில், சூப்பர் கண்டக்டிவிட்டியைக் கண்டார்கள். இதில் ஜோடியாகும் இரண்டு எலக்ட்ரான்களின் காந்தங்களும் எதிரெதிராக இல்லாமல் ஒத்துப்போகும் வகையில் இருக்கலாம் என்று ரைஸ், சிக்ரிஸ்ட் ஒரு பக்கமும், பாஸ்கரன் இன்னொரு பக்கமும் சொன்னார்கள். 1998இல் வந்த சோதனை ஒன்று அதை ஆதரித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் பலரும் அப்படியே நம்பினார்கள். 2019இல் அதே சோதனையை மீண்டும் கவனமாகச் செய்தபோது, பழைய சோதனையில் அளக்கப் பயன்படுத்திய ரேடியோ துடிப்புகளே பொருளைச் சூடாக்கிவிட்டிருக்கலாம் என்று தெரிந்தது. சூடாக்காமல் அளந்தால் விடை மாறிவிட்டது. இருபது வருட நம்பிக்கை, ஒரு அளவீட்டுத் தவறு.

சாப்ட்வேரில் பக் வந்தால் மறுநாள் கஸ்டமர் போன் செய்துவிடுவார். இங்கே அந்த போன் வர இருபது வருடம் ஆகிறது. இந்தக் காத்திருப்பு உனக்கு ஒத்து வருமா என்று தங்கையிடம் கேட்டேன். சம்பளத்தைவிட இதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் பட்டது.

தேன்கூட்டில் இருந்து குவாண்டம் கம்ப்யூட்டர்

2006இல் அலெக்சி கிட்டாயேவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் தேன்கூடு போன்ற அமைப்பில் காந்தங்களை வைத்து ஒரு மாதிரியை உருவாக்கினார். மேலே சொன்ன 107 கோடி எண்கள் இல்லாமல், தாளிலேயே சரியாகத் தீர்க்கக்கூடிய அபூர்வமான மாதிரி. 2007இல் பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் மூவரும், அந்த மாதிரியில் ஒரு காந்தத்தை அசைத்தால் அந்த அசைவு எப்படித் துணுக்குகளாகப் பிரிகிறது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். தரமணியில் நடந்த வேலை. இத்தகைய துணுக்குகளில் தகவலைச் சேமித்தால் எளிதில் கெடாது என்பது குவாண்டம் கம்ப்யூட்டர் உருவாக்க முயல்பவர்களின் நம்பிக்கை.

இன்று கூகுள், ஐ.பி.எம். நிறுவனங்கள் செய்யும் குவாண்டம் கம்ப்யூட்டர்கள் வேறு வழியில் போகின்றன. அவற்றின் சிப்களில் உள்ள சர்க்யூட்களே சூப்பர் கண்டக்டரால் ஆனவை. கூகுள் 2019இல் காட்டிய சிப்பில் 53 குவாண்டம் பிட்கள். நமது எக்செல்லில் 2^53 போட்டுப் பாருங்கள், ஏன் அத்தனை பரபரப்பு என்று புரியும். இத்தகைய சர்க்யூட்களுக்கு 1980களில் அடித்தளம் போட்ட கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

என்ன படிக்க வேண்டும், என்ன கிடைக்கும்

சித்தப்பா காத்திருந்த பகுதி இது. பிளஸ் டூவுக்குப் பின் பி.எஸ்சி. இயற்பியல். அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் இருந்தும் தொடங்கலாம், நுழைவுத் தேர்வு எழுதி திருப்பதி போன்ற ஊர்களில் உள்ள ஐசர் நிறுவனங்களில் சேர்ந்தும் தொடங்கலாம். பிறகு எம்.எஸ்சி.; ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு. அதன்பின் டாக்டர் பட்டத்துக்கு ஜெஸ்ட், நெட், கேட் என்று தேர்வுகள். தரமணி நிறுவனம் ஜெஸ்ட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. பிஎச்.டி.யில் பீஸ் கட்டிப் படிக்க வேண்டும் என்றே ஊரில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உதவித்தொகை தருகிறார்கள். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி.

அதன் பிறகும் நிரந்தர வேலை உடனே கிடைக்காது. இரண்டு மூன்று இடங்களில், பெரும்பாலும் வெளிநாட்டில், தற்காலிக ஆய்வாளராக இருக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டித்தான் நிரந்தரப் பதவி. எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், கணக்கும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர்கள் என்பதால் பலர் என் துறைக்கு வந்துவிடுகிறார்கள். என் டீமிலேயே ஒருவர் இருக்கிறார். சித்தப்பாவுக்கு முழுப் பேச்சிலும் பிடித்த வரி இதுதான்.

வீட்டிலேயே படிக்கலாம்

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப் பெரிய நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற தளம் உள்ளது. பிரவுசரில் முகவரிக் கட்டத்தில் ஏ, ஆர், எக்ஸ், ஐ, வி என்ற எழுத்துகளை இடைவெளி இல்லாமல் டைப் செய்து, புள்ளி வைத்து, ஓ, ஆர், ஜி என்று முடியுங்கள். நடுவில் வருவது எக்ஸ் என்பதைக் கவனியுங்கள். மேலே தேடல் கட்டம் இருக்கும். அதன் அருகே ஆல் பீல்ட்ஸ் என்பதை மாற்றி ஆத்தர் என்று தேர்ந்தெடுத்து, பாஸ்கரன் என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். பி-க்கு அடுத்து எச் போடாதீர்கள்; அவர் எச் இல்லாமல்தான் எழுதுகிறார். அதே பெயரில் வேறு ஆட்களும் வருவார்கள். ஜி என்ற இனிஷியலைப் பாருங்கள். கட்டுரையின் எதிரே பிடிஎஃப் என்பதில் கிளிக் செய்தால் திறந்துவிடும். பதிவு, பாஸ்வேர்ட், பணம் எதுவும் கிடையாது. கட்டுரை டவுன்லோட் செய்ய கிரெடிட் கார்டு நம்பர் கேட்டால் வேறு தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், உடனே மூடிவிடுங்கள்.

1987 கட்டுரையை இதில் எதிர்பார்க்காதீர்கள். அப்போது இந்தத் தளமே இல்லை. இன்னொரு எச்சரிக்கை. இங்கே போடப்படும் கட்டுரைகள் மற்ற விஞ்ஞானிகள் சரிபார்க்கும் முன்பே வெளியாகின்றன. 2023 ஜூலையில், சாதாரண அறை வெப்பத்திலேயே சூப்பர் கண்டக்டர் கிடைத்துவிட்டது என்று தென்கொரியாவில் இருந்து எல்.கே. 99 பற்றிய கட்டுரை இதில்தான் முதலில் வந்தது. நம் வாட்ஸ்அப் குரூப்களில்கூட வீடியோ சுற்றியது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள். அப்படி எதுவும் இல்லை. மின்தடை சரிந்தது போலத் தெரிந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்பு சல்பைடு என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது.

பாடமாகக் கற்க விரும்பினால், ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசம். இயற்பியல் பிரிவில் குவாண்டம் மெக்கானிக்ஸ் முதல் திட நிலை இயற்பியல் வரை முழு வகுப்புகளே உள்ளன. ஜெயங்கொண்டத்தில் மதியம் நெட் வேகம் சுமார்தான். இரவில் டவுன்லோட் போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பது நல்லது.

நான் ஊருக்குக் கிளம்பும் முன் தங்கை அந்தத் தேன்கூடு கட்டுரையை பிடிஎஃப் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் உள்ள படம் மட்டும் புரிந்தது, மற்றது ஒரு வரிகூடப் புரியவில்லை என்றாள். எனக்கும் அதே நிலைதான் என்றேன். இன்ஜினியரிங் கவுன்சலிங், ஐசர் தேர்வு இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சித்தப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் போன் செய்து, திருப்பதி ஐசரில் பெண் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் எப்படி என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார்.